நீமா 23-ஆ, நீமா 34-ஆ? வீட்டு சிஎன்சிக்கு மோட்டாரும் ஸ்க்ரூவும்

வீட்டிலேயே சிஎன்சி ரூட்டர் (கம்ப்யூட்டர் சொல்படி வெட்டும் மெஷின்) கட்டுகிறவர்கள் ஸ்டெப்பர் மோட்டார், அதாவது படிப்படியாகச் சுற்றும் மோட்டார், வாங்கும்போது முதலில் பார்ப்பது ஹோல்டிங் டார்க்கைத்தான். நீமா 23, 34 என்பவை அந்த மோட்டாரின் முகப்பு அளவுகள்; 34 பெரியது. எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று நீமா 34-க்குப் போய்விடுகிறார்கள். மரம், பிளைவுட், கொஞ்சம் அலுமினியம் வெட்டும் இரண்டடிக்கு மூன்றடி மெஷினுக்கு அது வேண்டாம், நீமா 23 போதும் என்பேன்.

ஹோல்டிங் டார்க் என்பது மோட்டார் நிற்கும்போது உள்ள பிடி, அதாவது திருகுவிசை. சுற்றத் தொடங்கியதும் அது இறங்கும். ஒவ்வொரு ஸ்டெப்பிலும் காயிலுக்குள் கரண்ட் ஏறியாக வேண்டும். காயிலின் இண்டக்டன்ஸ் (கரண்ட் மாற்றத்தை எதிர்க்கும் குணம்) அதைத் தடுக்கும், சப்ளை வோல்டேஜ் அதைத் தள்ளும். மில்லிஹென்றியில் சொல்லும் இண்டக்டன்ஸின் வர்க்கமூலத்தை 32-ஆல் பெருக்கினால் அந்த மோட்டாருக்கு அதிகபட்சம் எத்தனை வோல்ட் கொடுக்கலாம் என்று தெரியும். 2 மில்லிஹென்றி என்றால் சுமார் 45 வோல்ட். 6 என்றால் 78. பெரிய மோட்டாரை வாங்கி 36 வோல்ட்டில் ஓட்டினால், வேகத்தில் அது சின்ன மோட்டாரைவிடப் பின்தங்குவது சகஜம்.

விசைக்கும் பஞ்சமில்லை. 5 மிமீ பிட்ச் உள்ள 1605 பால் ஸ்க்ரூவில் (நட்டுக்குள் குண்டுகள் உருளும் திருகுத்தண்டு), ஓட்டத்தில் அரை நியூட்டன் மீட்டர் டார்க் மிஞ்சினாலே கேன்ட்ரிக்கு (வெட்டும் தலையைச் சுமக்கும் பாலம்) 55 கிலோவுக்கு மேல் தள்ளுவிசை கிடைக்கும். அதே அரை நியூட்டன் மீட்டர், பல் பெல்ட்டை இழுக்கும் 20 பல் ஜிடி2 புல்லியில் வெறும் 8 கிலோதான். பெல்ட் லேசர் மெஷினுக்கும் 3டி பிரிண்டருக்கும் அருமை. அலுமினியத்தில் எண்ட் மில் (வெட்டும் பிட்) இறங்கும்போது பெல்ட் இழுபடும்.

பட்ஜெட் இடிக்கிறதா? குண்டுகள் இல்லாத சாதாரண திருகுத்தண்டான டி8 லீட் ஸ்க்ரூ போடலாம். ஆனால் உராய்வில் டார்க் நிறைய வீணாகும், பித்தளை நட் தேயத் தேய பேக்லாஷ் (திசை மாறும்போது வரும் லூஸ்) கூடும். வட்டம் வெட்டினால் முட்டை வடிவம் வரும். பணத்தைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால் மோட்டாரில் குறையுங்கள், எக்ஸ், ஒய் ஸ்க்ரூவில் குறைக்காதீர்கள்.

மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவருக்கு டிஎம்542 வகை போதும். அதன் உச்சவரம்பு 50 வோல்ட். மோட்டார் சட்டென்று வேகம் குறையும்போது மின்சாரம் சப்ளை பக்கம் திரும்பும் என்பதால் 36 வோல்ட் சப்ளையே நிம்மதி. 1605 ஸ்க்ரூவில் 600 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 3 மீட்டர் ஓடும். அர்டுயினோ ஊனோ போர்டில் மெஷினை இயக்கும் மென்பொருளான ஜிஆர்பிஎல் வைத்திருந்தால் மைக்ரோஸ்டெப்பை (ஒரு ஸ்டெப்பை எத்தனை பங்காகப் பிரிப்பது என்பது) 1/8-க்கு மேல் ஏற்றாதீர்கள். 1/16 போட்டால் அந்த வேகத்துக்கு விநாடிக்கு 32,000 பல்ஸ் தேவை; அதன் எல்லையோ 30,000 சொச்சம்தான்.

குளோஸ்டு லூப் ஸ்டெப்பர், சுற்றலை அளக்கும் சென்சாரான என்கோடரால் ஸ்டெப் தவறுவதைக் கண்டுபிடித்துத் திருத்தும் அல்லது நிறுத்தும். விலை உயர்ந்த மரத்தில் மணிக்கணக்கில் செதுக்குகிறவர்களுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. சர்வோ இந்த அளவு மெஷினுக்கு அதிகம்.

மேலும் கீழும் நகரும் இசட் அச்சு மட்டும் தனிக் கணக்கு. பால் ஸ்க்ரூ அவ்வளவு லேசாகச் சுற்றுவதால், பவர் போனால் பிட்டைச் சுற்றும் ஸ்பிண்டிலின் எடையே அதைத் திருப்பிவிடும், பிட் வேலைப்பொருளில் போய்க் குத்தும். கனமான ஸ்பிண்டில் என்றால் பிரேக் உள்ள மோட்டார் போடுங்கள். லேசான ரூட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 2 மிமீ நகரும் லீட் ஸ்க்ரூவே இங்கே நல்லது. அது தானாக இறங்காது.