பம்பிள் தேனீக்கு வீடு: கடைப் பெட்டியா, புதைத்த மண்தொட்டியா, பறவைக் கூண்டா?

மார்ச் பிறந்துவிட்டால் இங்கிலாந்தில் எங்கள் தோட்டத்தில் ஒரு காட்சி தவறாது. கிட்டத்தட்ட 2 செ.மீ. நீளம், உடம்பெல்லாம் ரோமம், அப்படியொரு பெரிய தேனீ பூ பக்கமே போகாமல் தரையை ஒட்டி வளைந்து வளைந்து பறக்கும். வேலியோரம் ஒரு ஓட்டையில் நுழையும், கொஞ்ச நேரம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்து அடுத்த ஓட்டைக்குப் போகும். அதுதான் பம்பிள் தேனீயின் ராணி. குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் தன்னந்தனியாகக் கிடந்து எழுந்து இப்போது குடும்பம் நடத்த இடம் பார்க்கிறது. அந்த இடத்தை நாமே கட்டிக் கொடுக்கலாமா என்று மூன்று வசந்தமாக முயன்று பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உத்தரத்தையும் மூங்கிலையும் குடையும் நம்ம கருவண்டு வேறு, இது வேறு. இந்தியாவில் பம்பிள் தேனீ இமயமலைப் பக்கம்தான், தமிழ்நாட்டில் கிடையாது.

எந்தப் பெட்டி என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு விஷயம் புரிந்தால் பாதி வேலை முடிந்தது. இந்த ராணியால் மெத்தை சுமந்து வர முடியாது. பறவைபோல நார் பொறுக்கிக் கூடு கட்டும் வழக்கம் இதற்கு இல்லை. ஏற்கெனவே யாரோ மெத்தை போட்டு வைத்த இடம் வேண்டும், அந்த யாரோ பெரும்பாலும் எலிதான். எலி விட்டுப்போன வளையில் காய்ந்த புல்லும் பாசியும் உருண்டையாகக் கிடக்கும், இருட்டாக இருக்கும், ஈரம் ஏறாது. ராணி கேட்பது அவ்வளவுதான்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் கடைப் பெட்டி முதல் சுற்றிலேயே தோற்றுப்போகிறது. நான் 30 பவுண்ட் கொடுத்து ஒன்று வாங்கினேன். அழகான மரப்பெட்டி, முன்னால் சின்னத் துவாரம், உள்ளே பிரித்துக் காட்ட ஒரு கண்ணாடி மூடி. தரைமேல் வைப்பதற்கென்று செய்தது. இரண்டு வசந்தம் வைத்தேன், இரண்டு வசந்தமும் அதில் குடியிருந்தது சிலந்திதான். என் தோட்டம்தான் சரியில்லையோ என்று நினைத்தேன், அப்படியில்லை. மத்திய ஸ்காட்லாந்திலும் தெற்கு இங்கிலாந்திலும் ஆறு விதமான செயற்கைக் கூடுகளை, மொத்தம் 736, வைத்துப் பார்த்து 2011ல் ஆய்வு வெளியிட்டார்கள். தேனீ குடியேறியது 3.1 சதவீதத்தில் மட்டும். முப்பது கூடு வைத்தால் ஒன்று, அவ்வளவுதான். இதை அட்டையில் அச்சடித்து விற்றால் யார் வாங்குவார்கள்? பிள்ளைகளுக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒன்றுமே வரவில்லை என்று அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்கிறபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

புதைத்த மண்தொட்டி அப்படியில்லை. இது எலிவளையையே நாம் செய்வது. 25 செ.மீ. வாயுள்ள பழைய மண்தொட்டி ஒன்று போதும். வேலியோரமோ புதர் அடியிலோ, மழைத் தண்ணீர் தேங்காத மேட்டில் குழி எடுங்கள். அடியில் ஒரு ஓடு, அதன்மேல் கோழிவலைக் கம்பியை வளைத்து ஒரு சின்னத் தொட்டில், அதில் மெத்தை. இதன்மேல் தொட்டியைக் கவிழ்த்து, 2 செ.மீ. உள்விட்டமுள்ள தோட்டக் குழாயில் ஒரு முழம் நறுக்கி, ஒரு நுனி உள்ளேயும் மறு நுனி தரைக்கு மேலேயும் வரும்படி வைத்து மண் மூடுங்கள். தொட்டியின் அடித்துளை இப்போது மேலே இருக்கும், அதன் இருபக்கமும் கல் வைத்து, கல்மேல் ஒரு ஓடு போட்டு மூடினால் காற்று போகும், மழை போகாது.

இதில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். குழாய் வளைகிற இடத்தில் அடிப்பக்கம் ஆணியால் துளை போடவில்லை. ஏப்ரலில் ஒரு ராணி குழாய் வாய்க்கு வந்தது, உள்ளே போனது, போன வேகத்தில் பின்னாலேயே நடந்து வெளியே வந்தது, வயிற்று ரோமம் நனைந்து ஒட்டியிருந்தது. குனிந்து விரலை விட்டுப் பார்த்தேன், உள்ளே தண்ணீர். அடுத்த வருடம் துளை போட்டேன், மெத்தையையும் மாற்றினேன். அதுவரை வைத்தது மருந்துக்கடைப் பஞ்சு, அதன் இழை தேனீயின் காலில் சுற்றிக்கொள்ளும், வைக்கவே கூடாது. அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த இலவம்பஞ்சுத் தலையணையில் ஒரு கைப்பிடி எடுத்து, நறுக்கிய வைக்கோலும் காய்ந்த பாசியும் கலந்து வைத்தேன். அந்த வருடம் பஃப்-டெயில்டு என்ற பம்பிள் தேனீ இனத்து ராணி ஒன்று தங்கிவிட்டது. ஜூனில் குழாய் வாயில் வேலைக்காரத் தேனீக்கள் காலில் மஞ்சள் மகரந்த மூட்டையோடு வரிசையாக இறங்குவதை அம்மாவும் நானும் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தோம்.

அப்புறம் பறவைக் கூண்டு, அதாவது குருவி வந்து கூடு கட்டச் சுவரில் மாட்டும் பெட்டி. தேனீக்கென்று செய்யாத இதுதான் பல வீடுகளில் ஜெயிக்கிறது. ட்ரீ பம்பிள்பீ என்று ஒரு இனம், மார்பு செம்பழுப்பு, வால் வெள்ளை. 2001ல்தான் பிரிட்டனில் முதன்முதலாகப் பார்த்தார்கள், இன்று எங்கும் பரவிவிட்டது. அதற்குத் தரை வேண்டாம், உயரம்தான் வேண்டும். ப்ளூ டிட் குருவி விட்டுப்போன பழைய கூடு உள்ளே இருந்தால், அந்தப் பாசியும் இறகும் அதற்குத் தயார் மெத்தை. குருவிக்காகக் கூண்டை வருடா வருடம் சுத்தம் செய்யச் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் இரண்டு கூண்டு இருந்தால் ஒன்றைத் தேனீக்கு விட்டுவிடுங்கள். நண்பகல் வெயில் படாத சுவராகப் பார்த்து மாட்டுங்கள். கூடு சூடாகிவிட்டால் வேலைக்காரத் தேனீக்கள் வாசலில் நின்று சிறகால் விசிறிக்கொண்டே இருக்கும், பார்க்கவே பாவமாக இருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. மெழுகு அந்துப்பூச்சி உயரத்துக் கூட்டைத்தான் அதிகம் கண்டுபிடிக்கிறது, அதன் புழு புகுந்தால் கூடே பாழ். இன்னொன்று, மே மாதக் கடைசியில் கூண்டு முன்னால் பத்துப் பதினைந்து தேனீ கூட்டமாகச் சுற்றும், பார்த்தவர்கள் பயந்துபோய் மருந்தடிக்கிறவனைக் கூப்பிடுவார்கள். தயவுசெய்து கூப்பிடாதீர்கள். அவை புது ராணிக்காகக் காத்திருக்கும் ஆண் தேனீக்கள், ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. ஆனால் கூண்டைத் தட்டினால் உள்ளே இருக்கும் பெண் தேனீக்கள் கொட்டும், அதனால் கதவு அதிர்கிற இடத்தில் மாட்ட வேண்டாம்.

பெட்டியே வேண்டாம் என்றால் தோட்ட மூலையில் ஒரு பாய் அளவுப் புல்லை வெட்டாமல் விடுங்கள். கார்டர் பீ என்ற பம்பிள் தேனீ இனம் புல்லடியில் பாசியைக் கோதிக் கூடு வைக்கும், அது செப்டம்பர் தாண்டியும் ஓடும். மே மாதம் மட்டும் வெட்டாமல் இருந்துவிட்டு ஜூனில் இயந்திரத்தை விட்டால் கூட்டோடு போய்விடும்.

என்னைக் கேட்டால் காசு இல்லாதவர் புல்லை விடட்டும், சுவர் மட்டும் இருப்பவர் பறவைக் கூண்டு மாட்டட்டும், மண் இருந்தால் தொட்டிதான். எது வைத்தாலும் பக்கத்தில் குரோக்கஸோ லங்வொர்ட்டோ, இப்படி வசந்தத் தொடக்கத்தில் பூக்கும் ஏதாவது செடி பூக்க வேண்டும், பசியோடு எழும் ராணி பூ இல்லாத இடத்தில் வீடு பார்க்காது. பிப்ரவரிக்குள் வைத்துவிடுங்கள்.

நவம்பரில் எங்கள் தொட்டியைத் திறந்தேன். கூட்டம் முழுக்க இறந்திருந்தது, அது வருடா வருடம் நடப்பதுதான், புது ராணிகள் மட்டும் எங்கோ மண்ணில் தூங்கும். பஞ்சுக்கு நடுவில் மிளகு அளவில் தொடங்கி மொச்சை அளவு வரை பழுப்பு மெழுகுக் கிண்ணங்கள், ஒன்றோடு ஒன்று ஒட்டி. ஒன்றில் இன்னும் ஒரு சொட்டுத் தேன் இருந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தொட்டியைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன், தலையணையில் இன்னும் பாதிப் பஞ்சு மிச்சம் இருக்கிறது.