ஸ்டாப் அழுத்தியும் நிற்காத மோட்டார்

எட்டு மாதமாக ஒரு ஹார்டுவேர் பிளாக் லைப்ரரியோடு குடித்தனம் நடத்துகிறேன். சிமுலிங்க் என்ற, பிளாக்குகளை இணைத்து மாடல் வரையும் மென்பொருளில் வரைந்த கன்ட்ரோலரை ரியல்-டைம் கணினியில் ஓட்டி, ஒரு சர்வோ மோட்டாரைக் கட்டுப்படுத்துவது என் வேலை. கணினியையும் மோட்டாரையும் இணைக்கும் ஐ/ஓ கார்டோடு சேர்ந்து வந்த லைப்ரரி இது. பெயர் வேண்டாம்.

இதே வேலையை முன்பு சி-யில் எழுதியவன் நான். ரிஜிஸ்டரைப் படிப்பது, டைமர் இன்டரப்ட் அமைப்பது என்று ஒரே ஒரு சேனலில் வோல்டேஜ் பார்க்கவே வாரக்கணக்கில் ஆனது. இங்கே அனலாக் இன்புட் பிளாக்கை இழுத்துப் போட்டு, சேனல் எண்ணும், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை படிக்க வேண்டும் என்ற சாம்பிள் டைமும் கொடுத்து, பில்ட் அழுத்தினால் போதும். முதல் நாளே மோட்டார் சுற்றிவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கெயினை மாற்றிப் பார்க்கலாம். அந்தச் சுகத்துக்குப் பழகியவன் திரும்ப சி பக்கம் போகமாட்டான்.

அப்புறம் என்கோடர், அதாவது மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று சொல்லும் சென்சார். 1024 கோடு, அதன் இரண்டு சிக்னல்களின் ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் எண்ணும் குவாட்ரேச்சரில் நான்கு மடங்காகி ஒரு சுற்றுக்கு 4096. கார்டின் கவுண்டரோ 16 பிட், 65536 எண்ணிக்கைதான் கொள்ளும். 65536-ஐ 4096-ஆல் வகுத்தால் 16. அதாவது 16 சுற்று முடிந்ததும் எண்ணிக்கை மறுபடி பூஜ்யம். கையால் இரண்டு மூன்று சுற்று திருப்பிச் சோதித்தபோது எல்லாம் அழகாக இருந்தது. இருபது சுற்று போகச் சொன்னேன். பதினாறு முடிந்த இடத்தில் ஆரம்பத்துக்கே வந்துவிட்டதாக நினைத்து மோட்டார் முழு வேகத்தில் பாய்ந்தது, பாவம். இதைச் சமாளிக்க பிளாக்கில் ஒரு டிக் பெட்டிகூட இல்லை. முந்தைய எண்ணிக்கையைக் கழித்து, வித்தியாசத்தைக் குறியுள்ள 16 பிட் எண்ணாக மாற்றி, கூட்டிக்கொண்டே போகும் சப்சிஸ்டம் ஒன்றை நானே கட்டினேன். நான்கைந்து பிளாக் வேலைதான், ஆனால் லைப்ரரி செய்திருக்க வேண்டியது.

அன்று பதறிப்போய் ஸ்டாப் அழுத்தினேன் பாருங்கள், திரையில் மாடல் நின்றது, மோட்டார் நிற்கவில்லை. மாடல் நின்ற பிறகும் கடைசி மதிப்பையே பிடித்துவைத்திருப்பதுதான் அனலாக் அவுட்புட் பிளாக்கின் டிஃபால்ட். எமர்ஜென்சி சுவிட்சைத் தட்டித்தான் அடக்கினேன். மாடல் நின்றதும் எந்த மதிப்பை எழுத வேண்டும் என்று சொல்லும் 'டெர்மினேஷன் மதிப்பு' என்ற அமைப்பு மூன்றாவது டேப்பில் ஒளிந்திருக்கிறது. குளிர்நீர் வால்வு மாதிரி, இருந்த நிலையிலேயே இருப்பது நல்லது என்ற இடங்களும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அது தேவைப்படுகிறவன் கேட்டு வாங்கட்டும். கேட்காதவனுக்குப் பூஜ்யம் கொடுங்கள். இன்னொன்று, கணினியே தொங்கிவிட்டால் அந்த மதிப்பை எழுத ஆள் இருக்காது. அதற்குக் கார்டில், கணினியிடமிருந்து சிக்னல் வராவிட்டால் தானே அவுட்புட்டை நிறுத்தும் வாட்ச்டாக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மேனுவலை மட்டும் மனசாரப் பாராட்டுவேன். ஒவ்வொரு ஸ்டெப்பிலும், அதாவது கன்ட்ரோலரின் ஒவ்வொரு கணக்குச் சுற்றிலும், இன்புட் எப்போது படிக்கப்படுகிறது, அவுட்புட் எப்போது எழுதப்படுகிறது என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். என் 1 கிலோஹெர்ட்ஸ் லூப்பில் ஒரு ஸ்டெப் தாமதம் என்றால் 1 மில்லிசெகண்ட். கிராஸ்ஓவர், அதாவது லூப்பின் கெயின் 1-க்கு இறங்கும் இடம், இருக்கும் 50 ஹெர்ட்ஸில் அது 18 டிகிரியைத் தின்றுவிடும். லூப் ஆட்டம் காணாமல் இருக்க மிச்சமிருக்கும் இடைவெளியான ஃபேஸ் மார்ஜின், கணக்கில் 45 டிகிரி இருந்தது, நிஜத்தில் 27 ஆனதன் ரகசியம் இதுதான். சிமுலேஷனிலும் ஒரு யூனிட் டிலே போட்டேன். சிமுலேஷன் வளைவும் நிஜ மோட்டாரின் வளைவும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன.

கருவிகள் ஒரே கம்பி ஜோடியில் பேசிக்கொள்ளும் கேன் பஸ்ஸுக்கான பிளாக்குகள் சரி, குறையில்லை. முதல் நாள் ஒரு மெசேஜும் வராததற்கு லைப்ரரியைத் திட்டினேன். பஸ்ஸின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போட மறந்தது நான்.

ஸ்டெப்பை 50 மைக்ரோசெகண்டுக்கு இறக்கிப் பார்த்தபோது ஒரு ஸ்டெப்புக்குள் கணக்கு முடியாமல் என் மாடல் ஓவர்ரன் ஆகிவிட்டது. இன்வர்ட்டர் சுவிட்சிங் மாதிரி வேலை இருப்பவர்கள் உள்ளே இருக்கும் சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் எஃப்பிஜிஏ சிப் பக்கம் போவதே நல்லது. எனக்கு சர்வோதான், அதனால் இதையே வைத்துக்கொள்கிறேன். டெர்மினேஷன் மதிப்பு 0 என்று மாற்றிய அவுட்புட் பிளாக்கை என் சொந்த லைப்ரரியில் சேமித்து, சிவப்பு நிறம் பூசி வைத்திருக்கிறேன். குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதை மட்டும்தான் காட்டுகிறேன்.