டார்க்டேபிள்: மாத்தி மாத்தி எடிட் பண்ணி கத்துக்க செம சாஃப்ட்வேர்

டார்க்டேபிள்ங்கிற போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு ரிவ்யூ எழுதுற எல்லாரும் ஃப்ரீ, 2009ல இருந்து வருது, விண்டோஸ் மேக் லினக்ஸ் மூணுலயும் ஓடும்னு சொல்லிட்டு முடிச்சிடுறாங்க. நான் சொல்ல வர்றது வேற. ராம்நாடு, பாம்பன், கீழக்கரை பக்கம் கல்யாண ஆர்டர் எடுக்குற நாங்க சில பேரு ரா ஃபைலை (கேமரா பதிவு பண்ண, இன்னும் ப்ராசஸ் பண்ணாத ஒரிஜினல் ஃபைல்) மாத்திக்கிட்டு ஒருத்தர் படத்தை இன்னொருத்தர் எடிட் பண்ணிப் பாக்குறோம், அதுக்கு இது அம்புட்டு தோதா இருக்கு.

காரணம் எக்ஸ்எம்பி ஃபைல். ஒரிஜினல் ரா-வை இது தொடவே தொடாது, நாம பண்ணதெல்லாம் பக்கத்துல ஒரு குட்டி எக்ஸ்எம்பில எழுதி வச்சிடும், அதை மட்டும் வாட்ஸ்அப்ல டாக்குமென்டா அனுப்புனா போதும், வாங்குனவரு லைட்டேபிள்ல (படங்களை அடுக்கிக் காட்டுற பக்கம்) லோடு சைட்கார் கொடுத்து அந்த ஃபைலைத் திறந்தா, அனுப்புனவரு எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்சத்தை, எவ்ளோ ஏத்துனாரு, அடுத்து எதுல கை வச்சாருன்னு ஹிஸ்டரில வரிசையா நிக்கும். கீழ இருந்து ஒவ்வொண்ணா கிளிக் பண்ணிட்டே வந்தா அண்ணன் பக்கத்துல உக்காந்து சொல்லிக்கொடுக்குற மாதிரிதான். முடிஞ்ச ஜேபெக்கை பாத்து இதைக் கத்துக்கவே முடியாது.

தனுஷ்கோடில உச்சி வெயில்ல எடுத்த ஒரு வலை இழுக்குற படம். வெள்ளை மணலைப் பாத்து கேமரா மீட்டர் ஏமாந்து மொத்தத்தையும் சாம்பலா ஆக்கிருச்சு. ஒரு தம்பி எக்ஸ்போஷரை மட்டும் ஏத்துனான், மணல் வெளுத்துப்போச்சு. பாம்பன் அண்ணன் அதே ரா-வுல டோன் ஈக்வலைசரை (வெளிச்சமான இடம், இருட்டான இடத்தைத் தனித்தனியா ஏத்தி இறக்குற டூல்) எடுத்து மணலைக் கொஞ்சம் அமுக்கி, தலைப்பாகை நிழல்ல கெடந்த முகத்தை மட்டும் தூக்கிட்டாரு, கண்ணு தெரிஞ்சது. இன்னொண்ணு, ஆண் கடல் (மன்னார் வளைகுடா) பெண் கடல் (பாக் நீரிணை) ரெண்டும் ஒரே ஃப்ரேம்ல வர்ற படத்துல நாங்க எல்லாரும் தண்ணிய ஒரே நீலமா ஏத்தி வச்சிருந்தோம், அவரு மட்டும் பாக் நீரிணைப் பக்கத்தை பச்சையாவே விட்டுருந்தாரு. கடலுக்குப் போற வீட்டுப் புள்ள, அவருக்குத் தெரியாதா.

அனுப்புறதுக்கு முன்னாடி கம்ப்ரஸ் ஹிஸ்டரி மட்டும் அமுக்கிடாதீங்க, செஞ்ச வரிசை போயிடும். எல்லாரும் ஒரே வெர்ஷன் போட்டுக்கங்க, புதுசுல பண்ண எடிட் பழசுல சரியா திறக்காது.

குறை இல்லாம இல்ல. மாடியூல், அதாவது எடிட் பண்ற டூல், அத்தனை இருக்கு, புதுசா வர்றவங்களுக்கு தலை சுத்தும், எக்ஸ்போஷர், கலர் காலிபரேஷன் (நிறத்தைச் சரி பண்றது), டோன் ஈக்வலைசர் இந்த மூணோட ஆரம்பிங்க. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப்ல ஸ்லைடரை இழுத்தா படம் மாற நேரம் எடுக்குது, ஒரு கல்யாணத்து ஃபைல் மொத்தமும் இதுல ஓட்டணும்னா பொறுமை வேணும். அதுக்காக ஒரு ஸ்டார் குறைக்கிறேன், 5க்கு 4.