ஜீப்பா, டாட்ஜா? ஒற்றை ஆள் கணக்கு

இரண்டாம் உலகப் போர்க்கால வண்டி ஒன்றை வாங்கிச் சீர் செய்யவேண்டும் என்று நாலைந்து வருஷம் வாயால் மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. பிறகு ஒரே மாதத்தில் இரண்டு வந்து நின்றன. ஒன்று 1943ஆம் வருஷத்து வில்லிஸ் எம்.பி. ஜீப். சேஸி, அதாவது அடிச்சட்டம், வில்லிஸ்; எஞ்சின் ஃபோர்டு, தரைத் தகட்டில் பாதிக்கு மேல் ஓட்டை. இன்னொன்று டாட்ஜ் டபிள்யூ.சி.-51 என்ற முக்கால் டன் வண்டி. எப்போதும் கூரைக்கு அடியிலேயே நின்றதால் பாடி நேராக இருந்தது. எஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுற்றினால் சுற்றியது. முக்கியமான எதுவும் தொலையவில்லை.

பார்த்தவர்கள் எல்லாரும் டாட்ஜையே கைகாட்டினார்கள். நான் ஜீப்பை எடுத்தேன். டாட்ஜ்காரர், வயதானவர், “நல்ல வண்டியை விட்டுட்டுப் போறீங்களே தம்பி” என்று வாசல் வரை வந்து சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. இன்றைக்கும் கேட்டால் இரண்டில் நல்ல வண்டி டாட்ஜ்தான் என்பேன். ஆனாலும் ஜீப்பை எடுத்ததற்கு வருந்தவில்லை.

எல்லாருக்கும் தெரிந்த விவரங்களைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். இரண்டும் பெட்ரோல், இரண்டும் பக்கவாட்டு வால்வு எஞ்சின், இரண்டிலும் நான்கு சக்கரமும் இழுக்கும். ஜீப்பில் 2.2 லிட்டர், நாலு சிலிண்டர், 60 குதிரைத் திறன், மூன்று கியர். டாட்ஜில் 230 கன அங்குலம், ஆறு சிலிண்டர், 92 குதிரைத் திறன், நாலு கியர். வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் ஜீப் செய்து தள்ளின. டபிள்யூ.சி.-51, அதன் வின்ச் (கம்பி வடம் சுற்றி இழுக்கும் கருவி) வைத்த தம்பி 52 இரண்டும் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். இந்த எண்ணிக்கை வித்தியாசம் உதிரிபாகக் கடையில் அப்படியே தெரியும்.

மற்ற வண்டிகளை ஏன் பார்க்கவில்லை என்று கேட்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. கொரியப் போர்க்காலத்தில் வந்த எம்38ஏ1 நல்ல ஜீப்தான், ஆனால் 24 வோல்ட். தண்ணீர் புகாத மாதிரி மூடி வைத்த இக்னிஷன் பாகங்கள் தேடக் கஷ்டம், கிடைத்தாலும் விலை கடிக்கும். அதற்கும் பின்னால் வந்த ராணுவ ஜீப்பான எம்151ஐ அமெரிக்க ராணுவம் பெரும்பாலும் வெட்டித்தான் வெளியே விட்டது, வளைவில் புரளும் என்ற பேர் அதற்கு உண்டு. வெட்டி ஒட்டிய வண்டியில் என் குடும்பத்தை ஏற்ற மனசு வரவில்லை. பிரிட்டிஷ் ராணுவத்தின் ‘லைட்வெயிட்’ லேண்ட் ரோவர் உண்மையிலேயே சபலம் மூட்டியது. அலுமினியப் பாடி, 2.25 லிட்டர் எஞ்சின், அன்றாடம் ஓட்டலாம். ஆனால் அது 1968க்குப் பிறகு வந்த வண்டி. எனக்குப் பிடித்த காலம் வேறு. நண்பர் ஒருவருடைய லைட்வெயிட்டில் ஒரே ஒரு நாள் பிரேக் வேலை பார்த்ததுதான் என் அனுபவம் என்பதால் அதைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்குத் தகுதி இல்லை.

இனி முடிவைத் தீர்மானித்த விஷயம். எடை.

ஓடும்போது உள்ள எடையைச் சொல்லவில்லை, பிரிக்கும்போது கைக்கு வரும் எடையைச் சொல்கிறேன். ஜீப் முழுதாகவே ஏறக்குறைய 1,100 கிலோ. டாட்ஜ் 2,400 பக்கம். இரண்டு மடங்குக்கும் மேல். இதில் ஒவ்வொரு பாகமும் தன் பங்குக்கு இரண்டு மடங்கு கனக்கும். ஜீப்பின் முன் ஆக்சிலை ஸ்பிரிங்கிலிருந்து கழற்றி, டிராலி ஜாக்கின் மேல் ஒரு பலகை வைத்து, நான் ஒருவனாகவே வெளியே உருட்டிக்கொண்டு வந்தேன். பாடியை மொத்தமாக எடுக்கவேண்டிய ஒரு நாள் மட்டும் நாலு பேர் வேண்டியிருந்தது. மூலைக்கு ஒருவராகப் பிடித்துத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

டாட்ஜ் வைத்திருக்கும் ஒருவருக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூடமாட ஒத்தாசை செய்திருக்கிறேன். 9.00-16 டயர், அதற்கு இரண்டு பாதியாக போல்ட் போட்டு இணைக்கும் போர்க்கால ரிம். இந்தச் சக்கரத்தை ஸ்டட்டில் (நட்டு ஏறும் மரைக் கம்பி) ஏற்ற அவர் ஒரு மண்வெட்டியை டயருக்கு அடியில் கொடுத்து, பிடியை மெல்ல மெல்ல மிதித்து உயர்த்துவார். நான் மேலே பிடித்துக்கொண்டு துளையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு சக்கரத்துக்கு இரண்டு ஆள். பின் ஆக்சில் என்றால் சங்கிலிக் கப்பி, அதைத் தொங்கவிட உத்திரம், அந்த உத்திரம் தாங்குமா என்று ஒரு விவாதம்.

பலசாலிக்கு இதெல்லாம் பெரிதில்லை என்பார்கள். விஷயம் பலம் இல்லை, எத்தனை தடவை என்பது. பழைய வண்டியில் எந்த வேலையும் ஒரு தடவையில் முடியாது. என் ஜீப்பின் டி-84 கியர்பாக்ஸை மூன்று தடவை இறக்கி ஏற்றினேன். முதல் தடவை, இரண்டாம் கியர் இறக்கத்தில் நழுவிக்கொண்டே இருந்ததால். இரண்டாவது தடவை, முன், பின் ஆக்சிலுக்கு இழுவையைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து, அதை ஒட்டியே இருக்கும் ஹேண்ட் பிரேக் டிரம்மில் எண்ணெய் இறங்கியதால். மூன்றாவது தடவையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எல்லாம் மாட்டி, எண்ணெய் ஊற்றி, கை துடைத்துக்கொண்டு மேசையைப் பார்த்தால், உள்ளே இருக்கவேண்டிய ஒரு சின்ன பின் துணி மேல் பளபளவென்று கிடந்தது. அது செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பது மணி. புதன்கிழமை சாயங்காலம் நானே இறக்கினேன். வியாழக்கிழமை வண்டி ஓடியது.

அதே தப்பை டாட்ஜில் செய்திருந்தால், அடுத்த ஞாயிறு யார் வருவார் என்று போன் போட்டுக்கொண்டிருப்பேன். மூன்று ஞாயிறு தள்ளிப்போனால் தூசி படியும். தூசி படிந்த பிறகு அந்தப் பக்கமே போகத் தோன்றாது. ‘பெட்டியில் பிரித்து வைத்த நிலையில்’ விற்பனைக்கு வரும் கன வண்டிகளை நாலைந்து பார்த்திருக்கிறேன், எல்லாவற்றுக்கும் பின்னால் ஏறக்குறைய இந்தக் கதைதான் இருந்தது. பணம் தீர்ந்துபோய்க் கைவிட்டவர்களைவிட, கூட ஒரு ஆள் கிடைக்காமல் கைவிட்டவர்களே அதிகம் என்பது என் கண்ணில் பட்ட வரையிலான கணக்கு.

இடத்துக்கும் இதே கணக்குதான். ஜீப்பின் சக்கர இடைத்தூரம் 80 அங்குலம். சாதாரணக் கார் நிறுத்தும் கொட்டகையில் வண்டியையும் விட்டு, சுற்றிலும் வேலை பார்க்கலாம். 98 அங்குல டாட்ஜ் உள்ளே போகும், அதன் பிறகு நீங்கள் வெளியே நிற்கவேண்டும்.

ஜீப்பின் குறைகளையும் மறைக்கவில்லை. முதலாவது துரு. தரைத் தகட்டுக்கு அடியில் தொப்பி வடிவத்தில் மடித்த சட்டங்கள் ஓடும். விறைப்புக்காக அதற்குள் மரக்கட்டை வைத்து மூடியிருப்பார்கள். உள்ளே போன தண்ணீரை மரம் குடித்துவிட்டு விடவே விடாது. வெளியே பெயிண்ட் பளிச்சென்று இருக்கும், உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். வாங்கப் போன அன்று ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்தினேன், பிடிவரை போய்விட்டது. இழுத்தபோது மக்கிய எரு மாதிரி ஈரமாக மரத்தூள் கொட்டியது. விற்றவர் வேறு பக்கம் பார்த்தார், பேரத்தில் எனக்கு அது உதவியது.

சட்டத்தை வெட்டி எடுத்துப் புதிதாக வைக்கலாம். அல்லது பிலிப்பைன்ஸில் முழுப் பாடியையே புதிதாக அடித்து விற்கிறார்கள். நான் வெட்டி ஒட்டினேன், ஐந்து மாதம் ஓடிற்று. திரும்பச் செய்வேனா என்றால் தெரியாது. டாட்ஜுக்கு முழுப் பாடி அத்தனை எளிதில் கிடைக்காது. ஆனால் கனமான தகடு, நான் விட்டது போன்ற நல்ல பாடி அகப்பட்டால் அந்தக் கவலையே இல்லை.

இரண்டாவது குறை, கலப்படம். ஜீப் வேட்டையில் முக்கால்வாசிச் சண்டை இதைப் பற்றித்தான். வில்லிஸ் சேஸியின் முன் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாய். ஃபோர்டுடையது கவிழ்த்த ‘ப’ வடிவம். ஃபோர்டு தன் போல்ட் தலையில்கூட ‘எஃப்’ எழுத்தைப் பொறித்தது. சேஸி எண்ணை ஃபோர்டு இடது சட்டத்தின் மேல் முகத்திலேயே அடித்திருக்கும். வில்லிஸ் தனித் தகட்டில் ரிவெட் வைத்திருக்கும். டாஷ்போர்டில் இருக்கும் பெயர்த் தகடுகளை மட்டும் நம்பவே நம்பாதீர்கள், புதிதாக அச்சடித்தது எங்கேயும் கிடைக்கிறது.

என் வண்டி எஞ்சின் எண் ஃபோர்டு செய்த ஜீப்பான ஜி.பி.டபிள்யூ. வரிசை. இதைச் சொன்னதும் சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். பாகங்கள் மாறிப் பொருந்தவேண்டும் என்பதற்காகவே இரண்டு கம்பெனிக்கும் ஒரே வரைபடம் கொடுத்தார்கள். ராணுவப் பட்டறைகளில் மொத்தமாகப் பிரித்து, சோதித்து, அலமாரியில் கைக்கு எட்டிய எஞ்சினைப் பூட்டி அனுப்பினார்கள். கலப்படமும் அந்த வண்டியின் சரித்திரம்தான். பானெட்டை ஈர உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துக்கொண்டு போனபோது, பச்சை அடுக்குகளுக்குக் கீழே நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு ‘20’ தலைகாட்டியது. ஜீப்பின் ராணுவப் பதிவு எண் அப்படித்தான் தொடங்கும். ஒரு மணி நேரம் குதித்தேன். பிறகுதான் அந்த பானெட்டே வேறு ஜீப்பிலிருந்து வந்திருக்கலாம் என்று தோன்றியது. இந்த விஷயத்தில் டாட்ஜ் நிம்மதி. போலி செய்யும் அளவுக்கு அதற்கு ஆசைப்படும் கூட்டம் இல்லை.

6 வோல்ட் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: இரண்டு வண்டிக்கும் பொது, இரண்டுக்கும் ஒரே மருந்து. 12 வோல்ட் காரின் ஒல்லி பேட்டரி கேபிளைப் போட்டால் ஸ்டார்ட்டர் முனகும். மின்னழுத்தம் பாதி என்றால் மின்னோட்டம் இரட்டிப்பு. தடித்த கேபிள், சுரண்டிச் சுத்தம் செய்த எர்த், அவ்வளவுதான்.

ஓட்டுவதில் டாட்ஜ் மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு தடவை, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டினேன், அதற்கே ஜீப்பின் இருக்கை ஞாபகம் வந்து முதுகு வலித்தது. அகலமாக உட்கார்ந்து போகும், முதல் கியர் ஊர்ந்து ஏறும் அளவுக்குத் தாழ்ந்தது, அதனால் தனியாக லோ ரேஞ்ச் (எல்லாக் கியரையும் இன்னும் தாழ்த்தும் வசதி) இல்லாததும் தெரியவில்லை. நீண்ட பயணத்தில் எப்படி என்று சொல்லும் அளவுக்கு நான் ஓட்டவில்லை. 1946 முதல் வந்த டாட்ஜின் பவர் வேகன் அதே குடும்பம் என்பதால் எஞ்சின் பாகங்களுக்கும் பெரிய தட்டுப்பாடு இல்லை. மறுவிற்பனை பற்றி நான் வாய் திறப்பது நியாயமில்லை, இன்னும் எதையும் விற்றதில்லை. ஜீப்பைக் கேட்டு ஆள் வருகிறது, டாட்ஜைக் கேட்டு வருபவர் சரியாகத் தெரிந்தே வருகிறார், இதை மட்டும் பார்க்கிறேன்.

ராணுவ உபரிப் பொருள் வேட்டை தனிக் கிறுக்கு. மண்வெட்டி, கோடரி, பெட்ரோல் கேன் மூன்றும் இல்லாமல் ஜீப் அரைகுறையாகத் தெரியும். கேனில் வருஷம் அச்சு வார்த்திருக்கும், துரு இருந்தால் பரவாயில்லை, வருஷம் பார்த்து வாங்குங்கள். அமெரிக்க பெட்ரோல் கேனுக்குத் திருகு மூடி. நெம்பு மூடி இருந்தால் ஜெர்மன் மாதிரி. என்னிடம் இரண்டு வந்து சேர்ந்தன. ஒன்றில் 1944 என்று தெளிவாக இருக்கிறது, அடியில் ஊசித் துளை. சும்மா தொங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்கிறேன். போர்க்கால ரிம்மில் இரண்டு வரிசை நட்டு இருக்கும்: வண்டியோடு பிடிப்பவை, ரிம்மின் இரண்டு பாதியைச் சேர்த்துப் பிடிப்பவை. டயரில் காற்று இருக்கும்போது இரண்டாவது வகையில் கை வைத்தால் ரிம் வெடித்து விலகும், உயிர் போகும். வால்வு ஊசியைக் கழற்றி, காற்று முழுக்கப் போனபின் தொடுங்கள். இன்னொன்று, இடது பக்கச் சக்கர நட்டுகளுக்கு மரை எதிர்ப்பக்கம். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்பேனரின் நுனியில் ஏறிக் குதித்து, ஒரு ஸ்டட்டை முறித்தேன்.

அந்த டாட்ஜை நான் விட்ட பிறகு இரண்டு சகோதரர்கள் சேர்ந்து வாங்கினார்கள். போன மாதம் பார்க்கப் போனேன். பின் ஆக்சில் கப்பியில் தொங்கிக்கொண்டிருந்தது, அண்ணன் மட்டும் இருந்தார், கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தார். தம்பி வெளியூரிலிருந்து திரும்ப மூன்று வாரம் ஆகுமாம்.