பினாங்கு வெயிலில் துணிப்பையா, பாலிபேக்கா?

மே மாத சாயங்கால மழை ஓய்ந்து ஜூன் பிறந்தால் போதும், சொந்தக்காரர்களிடமிருந்தும் கூட வேலை செய்பவர்களிடமிருந்தும் ஒரே கேள்விதான் வருகிறது. செடி வைக்கலாம் என்றிருக்கிறேன், அந்தக் கறுப்புத் துணிப்பை வாங்கலாமா, சாதாரண கறுப்பு பிளாஸ்டிக் பை, அதாவது பாலிபேக்கே போதுமா? ஒவ்வொருவருக்கும் வாட்சப்பில் துண்டு துண்டாகப் பதில் அனுப்புவதைவிட மொத்தமாக எழுதிவிடுகிறேன். ஜெலுத்தோங்கில் எங்கள் ஃப்ளாட்டுக்குப் பின்னால் ஒரு சமூகத் தோட்டம் இருக்கிறது, அதில் எனக்கும் ஒரு பாத்தி இடம் கொடுத்திருக்கிறார்கள். சில வருடங்களாக அங்கே வெண்டை, கத்தரி, மிளகாய், பயத்தங்காய் எல்லாம் துணிப்பையில்தான். வாங்கிய சூட்டோடு எழுதும் விமர்சனங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, முதல் மாதம் எந்தப் பையும் நன்றாகத்தான் இருக்கும். மழையும் வறட்சியும் மாறி மாறி அடித்த பிறகுதான் அதன் குணம் தெரியும்.

தரையிலேயே மண் இருக்கும்போது பை எதற்கு என்று கேட்கலாம். காரணம் வாடல் நோய். காலையில் நிமிர்ந்து நின்ற கத்தரிச் செடி மதியம் தலை தொங்கும், ராத்திரியில் கொஞ்சம் தெளியும், சில நாளில் இலை பச்சையாக இருக்கும்போதே அப்படியே சாய்ந்துவிடும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து நிறைய பேர் மேலும் மேலும் ஊற்றுவார்கள். சந்தேகம் இருந்தால் அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி எடுத்து, கண்ணாடி கிளாசில் தெளிந்த தண்ணீர் வைத்து, வெட்டிய முனை மட்டும் தண்ணீரில் படும்படி ஆடாமல் பிடித்துப் பாருங்கள். அந்த நோய்தான் என்றால் சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து வெள்ளையாக, பால் நூல் போல ஒன்று கிளாசின் அடிவரை இறங்கும். ரால்ஸ்டோனியா என்கிற பாக்டீரியா அது. மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும், மருந்து அடித்துப் போக்க முடியாது. கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றுமே ஒரே குடும்பம் என்பதால் மூன்றையும் பிடிக்கும். பக்கத்துப் பாத்தி அண்ணன் சுண்டைக்காய்ச் செடியின் அடித்தண்டில் கத்தரியை ஒட்டுக்கட்டி வளர்க்கிறார். சுண்டை வேர் இந்த நோயைத் தாங்கும் என்பதால் அவர் செடிகள் தரையிலேயே ஜம்மென்று நிற்கின்றன. “நீயும் கட்டிப் பாரும்மா, நான் சொல்லித் தரேன்” என்பார். அருமையான வழிதான், ஆனால் கை பழக வேண்டும், நேரமும் வேண்டும். வேலைக்குப் போய் வருபவர்களுக்குத் தரை மண்ணைத் தொடாமல் புது மண்கலவையைப் பையில் நிரப்புவதுதான் சுலபம். பை தரையில் நேராக உட்காரக் கூடாது, துணி வழியாக வேர் கீழே இறங்கிவிடும். செங்கல்லோ பழைய மரப்பலகையோ அடியில் கொடுங்கள்.

சரி, பை என்று முடிவானால் ஏன் துணி? மதியம் இரண்டு மணிக்குக் கறுப்பு பாலிபேக்கின் வெயில் படும் பக்கத்தில் கையை வைத்தால் சூட்டில் வைத்திருக்க முடியாது, உள்ளே அந்தப் பக்கத்து வேர் வெந்து போகும். துணிப்பையும் கறுப்புதான். ஆனால் ஈரம் துணி வழியாக ஆவியாகிக்கொண்டே இருப்பதால், தண்ணீர் இருக்கிறவரை அது அந்த அளவுக்குச் சூடேறுவதில்லை. இன்னொன்று வேர். பாலிபேக்கில் வளர்ந்த மிளகாய்ச் செடியைப் பிடுங்கினால் வேர் பையின் சுவரை ஒட்டி வட்டம் வட்டமாகச் சுற்றியிருக்கும். துணியில் வேர் நுனி ஓரத்துக்கு வந்து காற்று பட்டதும் காய்ந்து நின்றுவிடும், பின்னாலிருந்து பக்க வேர்கள் கிளைக்கும். பழைய பையைக் கொட்டும்போது கைநிறைய மெல்லிய வேர்தான் வரும், மண் முழுக்கப் பின்னியிருக்கும். எனக்கு இந்தப் பையைப் பிடித்துப்போனதே அதைப் பார்த்துத்தான்.

மழைக்காலத்திலும் துணிக்குத்தான் என் ஓட்டு. பினாங்கில் செப்டம்பர், அக்டோபர்தான் பெரிய மழை. பாலிபேக்கின் ஓட்டைகள் அடைத்துக்கொண்டு மிளகாய் அழுகும்போது துணிப்பை நாலா பக்கமும் தண்ணீரை விட்டுவிடும். அடியில் தட்டு வைக்க வேண்டியதில்லை என்பது எனக்கு மிகப் பெரிய விஷயம். தட்டில் நிற்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசுவின் முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். எங்கள் புளோக்கில் டிங்கிக் காய்ச்சல் வந்து படுத்தவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பயம் சும்மா இல்லை. கொசு வளரவிட்டால் 1975ஆம் வருடத்து நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதமும் உண்டு. நாங்கள் மழைத்தண்ணீர் பிடிக்கும் டிரம்முக்கும் மூடி போட்டு, மூடியில் நெருக்கமான வலை கட்டியிருக்கிறோம்.

இனி குறைகள். முதல் குறை தண்ணீர். நாலு பக்கமும் ஆவியாகிறது என்றால் நாலு பக்கமும் காய்கிறது என்றுதான் அர்த்தம். தைப்பூசத்தை ஒட்டிய ஜனவரி, பிப்ரவரிதான் இங்கே உண்மையான வறட்சி. முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைப் பக்கம் காலையில் நடக்கப் போனால் புல்தரையே பழுத்துக் கிடக்கும். அப்போது காலையும் மாலையும் ஊற்றியே ஆக வேண்டும், ஒரு வேளை தவறினால் வெண்டை இலை தொங்கிவிடும். கலவை ஒரு முறை எலும்பாகக் காய்ந்துவிட்டால் அப்புறம் ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்து ஓடிவிடும். தேங்காய் நார்த்தூள் அதிகம் போட்ட பைகளில் இது மோசம். அப்படி ஆனால் பையை அப்படியே ஒரு பேசின் தண்ணீரில் அரை மணி நேரம் உட்கார வைத்துவிடுங்கள். மேலே மூடாக்கு கட்டாயம். பசாரில் தேங்காய் திருகும் கடையில் கேட்டால் மட்டை சும்மாவே தருவார்கள், பிய்த்து இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பினால் ஈரம் நிற்கும். ஊருக்குப் போகும் பழக்கம் அடிக்கடி உள்ளவர்கள், தண்ணீர் ஊற்ற வீட்டில் வேறு ஆள் இல்லாதவர்கள், துணிப்பை வாங்காதீர்கள். மனதாரச் சொல்கிறேன்.

தண்ணீர் இப்படி ஓடிக்கொண்டே இருப்பதால் உரமும் கூடவே கழுவிக்கொண்டு போகும். பையின் வெளிப்புறத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தால் அது நீங்கள் போட்ட பாஜாதான், அதாவது உரம்தான். ஒரே தடவையாகக் கொட்டாமல் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். இலை வளரும்வரை பச்சை பாஜா, அதாவது 15:15:15 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் அளவு), பூ எடுத்ததும் நீல பாஜா 12:12:17:2 (கடைசி எண் மெக்னீசியம்). அடியில் மக்கிய கோழி எரு.

பை எத்தனை நாள் உழைக்கும் என்று பார்த்தால், முதலில் போவது கைப்பிடி. நிரப்பிய பையைக் கைப்பிடியில் தூக்கினால் தையல் விடும், அடியில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். அடுத்து வெயில் பார்த்த பக்கம். இரண்டு வருடத்துக்கு மேல் போனால் அந்தப் பக்கத்துத் துணியை விரலால் தேய்த்தாலே தூளாகக் கொட்டுகிறது, நிழல் பக்கம் புதுசு மாதிரியே இருக்கும். அவ்வப்போது பையைத் திருப்பி வைத்தால் கொஞ்ச காலம் கூடக் கிடைக்கும். இந்தத் துணி பெரும்பாலும் பிளாஸ்டிக் இழை. உதிர ஆரம்பித்த பிறகும் சாப்பிடும் செடியை அதில் வைத்திருக்க எனக்கு மனசு வராது, உடனே மாற்றிவிடுவேன். வாங்கும்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், மறுபக்கம் தெரிந்தால் வேண்டாம். ஒரு முறை இணையத்தில் ‘தடிமன்’ என்று போட்டு விற்ற கடையிலிருந்து வந்த பைகள் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை, கேட்டதற்குப் பதிலும் இல்லை.

அளவு: மிளகாய்க்கு ஐந்து கேலன், சுமார் 19 லிட்டர், ஒரு பைக்கு ஒரு செடி. கத்தரிக்கு ஏழு. பயத்தங்காய்க்குப் பத்து கேலனில் மூங்கில் ஊன்றி நாலு விதை. அதைவிடச் சின்னப் பைகள் இந்த வெயிலில் மதியத்துக்குள் காய்ந்துவிடும். கங்கோங் கீரைக்கும் மற்ற கீரைக்கும் துணிப்பை வீண் செலவு, மீன் கடை வெள்ளை ஸ்டைரோஃபோம் பெட்டி போதும்.

வெளிநாட்டு வீடியோ பார்த்து ஜூனில் தக்காளி போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்களுக்குக் கோடையில் பகல் நீளும், ராத்திரி குளிரும். நமக்கு வருடம் முழுக்கப் பகல் நீளத்தில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம், ராத்திரியும் பெரிதாகக் குளிர்வதில்லை. அந்தச் சூட்டில் பெரிய தக்காளி பூக்கும், காய் பிடிக்காது. அதைக் குளிரான கேமரன் மலைக்காரர்களிடம் விட்டுவிட்டு வெண்டை போடுங்கள். பாலிக் பூலாவ் டுரியான் வரும் இந்த ஜூன், ஜூலைதான் என் பாத்தியில் வெண்டைக்கு நல்ல காலம். விதைத்து ஒன்றரை மாதத்தில் பூ வரும். மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு, காலையில் விரிந்து அன்றைக்கே சுருண்டுவிடும், அதிலிருந்து ஐந்தாறு நாளில் காய். நுனியை ஒடித்தால் ‘டக்’கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றிவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். காலையில் போனில் மின்னல் எஃப்எம் வைத்துவிட்டுக் கத்தரிக்கோலோடு பாத்திக்குப் போகும் அந்த நேரத்தை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பறித்ததில் பாதி மீன் குழம்புக்குப் போகும், மீதியை நாசி கண்டார் கடையில் வைப்பதுபோல முழுசாக அவித்துக் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவோம்.

இந்த மாதங்களில் ஒரே தொல்லை விடியற்காலையில் அடிக்கும் சுமத்ரா காற்று. மலாக்கா நீரிணை தாண்டி வந்து ஒரு மணி நேரம் உலுக்கிவிட்டுப் போகும். காய்ந்த பை லேசாக இருக்கும், உயரமான வெண்டையோடு சாய்ந்துவிடும். அதனால் முந்தின நாள் மாலையே நன்றாக ஊற்றி, பைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கி, வெளி வரிசையை வேலிக் கம்பியோடு கயிறு போட்டுக் கட்டிவிடுவேன். நிழல்வலையின் மூலைகளில் கயிறைச் சுருக்குப் போடாமல் இழுத்தால் அவிழும்படி முடிச்சுப் போடுங்கள், காற்றில் வலை கிழிவதைவிட அவிழ்ந்து தொங்குவது மேல்.

இந்த வருடம் உதிர ஆரம்பித்த பைகளைக் கழித்துவிட்டு ஏழு கேலனிலேயே எல்லாம் வாங்கப் போகிறேன், ஐந்து கேலன் பை மிளகாய்க்கு மட்டும். ஆகஸ்ட் கடைசிக்குள் மிளகாய் நாற்றை மாற்றிவிட்டால் செப்டம்பர் மழைக்கு முன் வேர் பிடித்துவிடும்.