கேம் கம்பெனிகளின் வாய்ப்பூட்டும் டிப்ஸ் பேச்சும்: மதுரை பிளேயருக்கு எது தோது?

ஆன்லைன் கேமில் பிளேயர் மைக்கில் பேசுவதைக் கேட்டுத் தண்டிக்கும் விஷயத்தில் பெரிய கம்பெனிகள் இரண்டு கட்சியாக நிற்கின்றன. கால் ஆஃப் டியூட்டி கேமை வெளியிடும் ஆக்டிவிஷன் வழியில் யாரும் புகார் சொல்லாவிட்டாலும் மெஷின் காதைத் தீட்டி வைத்திருக்கும். பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் கேட்டவர் யாராவது ரிப்போர்ட் அடித்தால்தான் பேச்சு கம்பெனிக்குப் போகும். தமிழில் பேசி விளையாடுகிற நமக்கு இரண்டாவதுதான் நியாயமான வழி.

கால் ஆஃப் டியூட்டியில் மாடுலேட் கம்பெனியின் டாக்ஸ்மாட் என்ற, பேச்சைக் கண்காணிக்கும் மென்பொருள் வருவதாக 2023 ஆகஸ்ட் 30-ல் அறிவித்தார்கள். முதலில் வட அமெரிக்கா, பிறகு நவம்பர் 10-ல் அந்த வரிசையின் மாடர்ன் வார்ஃபேர் 3 வெளியானபோது ஆசியா நீங்கலாக மற்ற நாடுகள். தொடக்கத்தில் அதற்கு ஆங்கிலம் மட்டும்தான். மெஷின் தப்பான பேச்சைச் சுட்டிக்காட்டும், தண்டனையை ஆக்டிவிஷன் முடிவு செய்யும். வேண்டாம் என்றால் வாய்ஸ் சாட்டையே அணைக்க வேண்டும், வேறு வழி கிடையாது. எதிராளியைச் சீண்டிப் பேசலாம், வெறுப்புப் பேச்சுதான் கூடாது என்பது அவர்கள் விதி. ஆனால் "அவனைப் போட்டுத் தள்ளுடா" என்பது மேட்ச் நடுவில் வெறும் ஆட்டப் பேச்சு என்று தெரிய, கேட்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் தெரியாத மெஷினை இந்தப் பக்கம் கொண்டுவருவது அநியாயம்.

வேலரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேமை நடத்தும் ரயட் கம்பெனி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. 2021 ஏப்ரலில் விதியை மாற்றிக் குரலைப் பதிவு செய்யும் உரிமையை எடுத்துக்கொண்டது. புகார் வந்தால்தான் பதிவைப் பரிசீலிப்போம் என்றது. 2022 ஜூலை 13 முதல் வட அமெரிக்காவின் ஆங்கிலப் பேச்சைத் தன் மென்பொருளுக்குப் பயிற்சி கொடுக்கச் சேகரித்தது. எழுத்து சாட்டுக்கு மட்டும் நம் கையில் ஒரு கருவி உண்டு: பார்க்க விரும்பாத சொற்களை நாமே சேர்த்துக்கொள்ளும் பட்டியல். தமிழ்க் கெட்ட வார்த்தையை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக அடிப்பார்கள். அதனால் ஒரே வார்த்தையை நாலைந்து எழுத்துக்கூட்டலில் போட்டு வைத்தால்தான் பலன்.

பிஎஸ்5-ல் கடைசி 5 நிமிடப் பேச்சு கன்சோலிலேயே தங்கும். புகார் செய்பவர் அதில் 20 விநாடியைத் தேர்ந்தெடுப்பார், முன்னும் பின்னும் பத்துப் பத்து விநாடி சேர்ந்து 40 விநாடி சோனிக்குப் போகும். அந்த முன்பின் துண்டு முக்கியம், யார் முதலில் வம்புக்கு இழுத்தது என்பது அதில்தான் தெரியும். எக்ஸ்பாக்ஸில் 60 விநாடி. ஆனால் 2023 ஜூலையில் தொடங்கியபோது அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட ஆறு ஆங்கில நாடுகளுக்குத்தான் கொடுத்தார்கள். எக்ஸ்பாக்ஸிடம் மெச்ச வேண்டியது தண்டனைக் கணக்கு. கெட்ட வார்த்தைக்கு 1 ஸ்ட்ரைக் (தப்புப் புள்ளி), வெறுப்புப் பேச்சுக்கு 3. இரண்டு சேர்ந்தால் ஒரு நாள் தடை, நான்குக்கு ஏழு நாள், எட்டுக்கு ஒரு வருடம். ஒவ்வொரு ஸ்ட்ரைக்கும் ஆறு மாதம் கணக்கில் நிற்கும். செய்த தப்புக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிகிறதே, அந்த மரியாதையை மற்றவர்களும் பிளேயருக்குக் கொடுக்கலாம்.

அண்ணா நகரிலோ பைபாஸ் ரோட்டிலோ கேமிங் சென்டரில் உட்கார்ந்தால் வேறொரு ஆபத்து இருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரர் கத்துவது உங்கள் மைக்கில் ஏறி, தடை உங்கள் அக்கவுன்டுக்கு வரும். வேலரன்டில் ஆடியோ செட்டிங்கில் டீம், பார்ட்டி (உங்களோடு சேர்ந்து வந்த நண்பர் குழு) இரண்டு வாய்ஸையும் 'புஷ் டு டாக்' ஆக்குங்கள், பட்டனை அழுத்தும்போது மட்டும் மைக் பேசும். டீமுக்கு வி, பார்ட்டிக்கு யு பட்டன். பிஎஸ்5-ல் இன்னும் கவனம் தேவை, ஏனென்றால் டூயல்சென்ஸ் கன்ட்ரோலருக்குள்ளேயே மைக் இருக்கிறது. பிஎஸ் பட்டனுக்குக் கீழே உள்ள சின்ன பட்டனை அழுத்துங்கள். ஆரஞ்சு விளக்கு எரிந்தால் மைக் மியூட் ஆகிவிட்டது. சவுண்ட் செட்டிங்கில் மைக்ரோஃபோன் பகுதிக்குப் போய், லாகின் செய்ததும் மியூட்டிலேயே இருக்கும்படி கடைக்காரர் வைத்துவிடலாம். இல்லாவிட்டால் ஒரு வாடிக்கையாளர் பேசியதற்குக் கடையின் அக்கவுன்டே முடங்கும்.

அடுத்தது டிப்ஸ், அதாவது கேம் செய்தவர்களுக்கு விலைக்கு மேல் நாமாகக் கொடுக்கும் பணம். பிளிசார்ட் கேம் கம்பெனியின் முன்னாள் தலைவர் மைக் யபாரா 2024 ஏப்ரலில் ஒரு யோசனை சொன்னார்: எல்டன் ரிங், பால்டர்ஸ் கேட் 3 போன்ற கேமை முடித்த பிறகு, விரும்பினால் 10, 20 டாலர் கூடுதலாகக் கொடுக்க வசதி வேண்டும். 70 டாலர் கொடுத்து வாங்கியவரிடம் மறுபடி கையேந்துவதா என்று திட்டு விழுந்தது. நியாயமான கோபம். மொய் எழுதுகிறவருக்குப் பணம் எந்த வீட்டுக்குப் போகிறது என்று தெரியும். நூற்றுக்கணக்கானோர் சம்பளத்துக்கு உழைக்கும் ஸ்டுடியோவில் இந்த டிப்ஸ் யார் கைக்குப் போகும்? அதற்குப் பதில் சொல்லாத யோசனை எதற்கு?

சிறிய டெவலப்பர்கள் கேம் விற்கும் இட்ச்.ஐஓ தளத்தின் வழி இதைவிட நேர்மையானது. வாங்கும்போதே கேட்ட விலைக்கு மேல் கொடுக்கலாம், தளத்தின் பங்கை உருவாக்கியவரே தீர்மானிக்கலாம். அவர் மாற்றாவிட்டால் 10%. பணப் பரிமாற்றக் கட்டணம் தனி, சுமார் 2.9 சதவீதமும் 30 சென்டும். அந்த 30 சென்ட்தான் சின்னத் தொகையைத் தின்கிறது. ஒரு டாலர் கொடுத்தால் அவருக்கு ஏறக்குறைய 57 சென்ட், ஐந்து டாலராகக் கொடுத்தால் 4 டாலர் சொச்சம். அதனால் சேர்த்துக் கொடுங்கள். கார்டு நிராகரிக்கப்பட்டால், பேங்க் ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வால்வ் கம்பெனி நடத்தும் கம்ப்யூட்டர் கேம் கடையான ஸ்டீமில் டிப்ஸ் பட்டன் கிடையாது. சிறிய டெவலப்பர்கள் சிலர் 'சப்போர்ட்டர் பேக்' என்று தனியாக விற்கிறார்கள், பாட்டுத் தொகுப்பும் விற்பதுண்டு. அதிலும் வால்வ் 30% எடுத்துக்கொள்ளும். 10 மில்லியன் டாலர் விற்ற பிறகுதான் அது 25 ஆகும், 50 மில்லியன் தாண்டினால் 20. சலுகை கிடைப்பது பெரிய கைகளுக்கே.

காசு கையில் இல்லாத மாணவர், வாங்கி விளையாடிய கேமுக்கு ஸ்டீமில் தமிழிலேயே விமர்சனம் எழுதலாம். பத்து விமர்சனம் சேர்ந்தால்தான் கேமுக்கு மதிப்பீடே தெரியும், ஓசியில் கீ (கேமைத் திறக்கும் குறியீடு) வாங்கி எழுதியது அந்தக் கணக்கில் வராது.