விழாவில் கேம் காட்ட ஸ்டீம் டெக் ஓஎல்இடி: சந்திப்புக்கு அருமை, ஸ்டாலுக்கு முன்னேற்பாடு வேண்டும்

ஜெர்மனியின் கொலோனில் நடக்கும் கேம்ஸ்காம் விழாவுக்கோ, சான் பிரான்சிஸ்கோவில் கேம் உருவாக்குபவர்கள் கூடும் ஜிடிசி மாநாட்டுக்கோ கிளம்பும் சின்ன கேம் குழுக்கள் பலவும் விமான டிக்கெட்டைப் போட்ட பிறகுதான் கேமை எதில் வைத்துக் காட்டுவது என்று யோசிக்கின்றன. தனி கிராபிக்ஸ் உள்ள லேப்டாப், அதன் கனத்த அடாப்டர், கன்ட்ரோலர் என்று சேர்த்தால் தோள்பையே நிறைந்துவிடும். வால்வ் நிறுவனத்தின் கையடக்க கேம் கருவியான ஸ்டீம் டெக் ஓஎல்இடி 640 கிராம்தான். திரை, கன்ட்ரோலர், பேட்டரி எல்லாம் ஒரே உடம்பில் இருக்கின்றன. வீட்டில் கேம் ஆட இது எப்படி என்று ஏராளமானோர் எழுதிவிட்டார்கள். விழாவுக்குத் தூக்கிப்போய் வேலை வாங்க முடியுமா என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பப்ளிஷர் (கேமை வெளியிடும் நிறுவனம்) சந்திப்புகளுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. ஸ்டாலில் நாள் முழுக்க ஊரார் கையில் கொடுப்பதென்றால் கருவியையும் பில்டையும் (காட்டப்போகும் கேமின் பதிப்பு) அதற்கென்றே தயார் செய்ய வேண்டும். அப்படியே எடுத்து வைத்தால் முதல் நாள் மதியத்துக்குள் ஏதாவது ஒன்று நின்றுபோகும்.

இதில் இரண்டு தலைமுறை உண்டு. 2022 பிப்ரவரியில் வந்த எல்சிடி மாடலில் 7 அங்குலத் திரை, 40 வாட்-மணி பேட்டரி. 2023 நவம்பரில் வந்த ஓஎல்இடி மாடலில் 7.4 அங்குலத் திரை, 50 வாட்-மணி பேட்டரி. இரண்டிலும் தெளிவுத்திறன் 1280×800தான். விழாவுக்கென்றே வாங்குகிறவர்கள் ஓஎல்இடியில் 1 டிபி மாடலைப் பார்க்கலாம். சேமிப்பிடத்துக்காகச் சொல்லவில்லை, அந்த மாடலில் மட்டும்தான் திரைக் கண்ணாடி ஒளி பிரதிபலிக்காதபடி பதப்படுத்தப்பட்டிருக்கிறது. கண்காட்சி அரங்கின் கூரை விளக்குகள் 512 ஜிபி மாடலின் பளபளப்பான கண்ணாடியில் அப்படியே விழும். கேமில் இருட்டான காட்சி வந்தால் ஆடுபவர் தன் முகத்தைத்தான் பார்ப்பார். ஜிடிசியின்போது மாஸ்கோன் மையத்துக்கு எதிரே யெர்பா புவேனா பூங்காவில் உட்கார்ந்து பேசுவது வழக்கம். அங்கே நேர் வெயிலில் எந்த மாடலும் தேறாது. மரநிழலில் ஓஎல்இடி நன்றாகத் தெரியும், எல்சிடி மங்கிவிடும்.

பேட்டரியைப் பொறுத்தவரை வால்வ் சொல்வது 3 முதல் 12 மணி நேரம். இவ்வளவு பெரிய இடைவெளி உங்கள் கேம் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதைப் பொறுத்தது. சிப் தன் உச்சமான 15 வாட்டில் ஓடினால், திரையும் மற்றவையும் சேர்ந்து மொத்தம் 20 வாட்டைத் தாண்டும். 50 வாட்-மணி இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வரும். மூன்று புள்ளி பட்டனை அழுத்தி, பேட்டரிப் பக்கத்தில் ஃப்ரேம் வரம்பை (வினாடிக்கு எத்தனை படம் என்பதை) 60க்கோ 45க்கோ இறக்குங்கள். 2டி கேம் என்றால் டிடிபி வரம்பை (சிப் இழுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பு) 6 வாட் அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். ஐந்து மணி நேரம் தாண்டும். ஊரிலேயே டெமோவின் மிகக் கனமான காட்சியில் வைத்துச் சோதித்த பிறகே இந்த எண்ணை முடிவு செய்ய வேண்டும். லேசான காட்சியில் சோதித்துவிட்டுப் போனால், கடைசிச் சண்டையில் திணறும்.

பவர் பேங்க் வாங்கும்போது கொள்ளளவை மட்டும் பார்ப்பது பரவலான தவறு. டெக் சார்ஜ் ஆவது 15 வோல்ட், 3 ஆம்பியரில், அதாவது 45 வாட்டில். கடையில் ‘ஃபாஸ்ட் சார்ஜ்’ என்று விற்கும் பல பவர் பேங்குகள் யுஎஸ்பி-சி வழியாக 20 வாட் அளவுதான் தரும். கனமான கேம் ஓடும்போது சொருகியிருந்தும் சார்ஜ் இறங்கிக்கொண்டே போகும். 45 வாட் பிடி (பவர் டெலிவரி) என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். 20,000 எம்ஏஎச் என்பது 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-மணி. மாற்றத்தில் இழப்பு போக, டெக்கை ஒருமுறை முழுதாக நிரப்பிக் கொஞ்சம் மிஞ்சும். இதற்கு மேல் பெரிதாகப் போக வேண்டாம். விமானத்தில் அனுமதி கேட்காமல் கொண்டுபோகும் வரம்பு 100 வாட்-மணி, சுமார் 27,000 எம்ஏஎச். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. எமிரேட்ஸில் போகிறவர்கள் கவனிக்க: 2025 அக்டோபர் 1 முதல் அங்கே ஆளுக்கு ஒரு பவர் பேங்க்தான், அதையும் பயணத்தில் பயன்படுத்த முடியாது. டெக்கை முழுக்க சார்ஜ் செய்துகொண்டே ஏறுங்கள்.

ஸ்டாலில் சார்ஜர் சொருகியே வைப்பதானால் வேறொரு சிக்கல் இருக்கிறது. டெக்கில் இருப்பது ஒரே ஒரு யுஎஸ்பி-சி துளை. அதுவும் மேல் விளிம்பில். ஆடுபவர் டெக்கைத் தூக்கித் தன் பக்கம் இழுக்கும் ஒவ்வொரு முறையும் வயரின் இழுவை அந்தத் துளையில்தான் விழும். துளை தளர்ந்துவிட்டால் சார்ஜும் போச்சு, டாக்கும் (டெக்கை டிவியோடு இணைக்கும் தாங்கி) போச்சு. இதற்கு 90 டிகிரி வளைந்த யுஎஸ்பி-சி முனை ஒன்றை வாங்கி, வயரை டெக்கின் முதுகுப்பக்கமாகக் கொண்டுவந்து, மேசை விளிம்பில் ஒரு கிளிப்பில் மாட்டுங்கள். இழுவை கிளிப்போடு நின்றுவிடும். ஓஎல்இடியோடு வரும் சார்ஜரின் வயர் 2.5 மீட்டர், எல்சிடிக்கு 1.5 மீட்டர்தான், பின்னது மேசையடியில் உள்ள பிளக் பாயின்ட்டிலிருந்து மேசைமேல் வரவே தடுமாறும். ஜெர்மனியின் பிளக் பாயின்ட்டுக்கு நம் ஊர் மூன்று முள் பிளக் சேராது. அடாப்டரை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

டெக்கைக் கையில் பிடித்து ஒருவர் ஆடும்போது பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஸ்டாலுக்குக் கூட்டம் சேர்வதே அடுத்தவர் ஆடுவதைப் பார்த்துத்தான். அந்த வகையில் இது பெரிய குறை. டாக்கில் வைத்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குக் கொடுத்தால் கேம் மோடில் டெக்கின் சொந்தத் திரை அணைந்துவிடும்; இரண்டிலும் ஒரே நேரத்தில் காட்டாது. டெஸ்க்டாப் மோடில் இரு திரையிலும் ஒரே படத்தை வரவைக்கலாம் என்றாலும், அந்தச் சூழலைப் பொதுமக்கள் கையில் கொடுப்பது ஆபத்து. எளிய வழி: டிவியில் ஒரு பென் டிரைவைச் சொருகி 60 முதல் 90 வினாடி டிரெய்லரைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். டெக் அதன் பாட்டுக்குக் கையில் இருக்கட்டும். டிரெய்லரில் ஓசை இல்லாமலே விஷயம் புரிய வேண்டும், ஏனென்றால் அரங்கின் இரைச்சலில் யாருக்கும் கேட்கப்போவதில்லை. டாக்கையே பயன்படுத்துவதென்றால், கேமின் ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் ‘கேம் ரெசல்யூஷன்’ என்பதை 1280×720க்கோ 1920×1080க்கோ நிலைநிறுத்துங்கள். இல்லாவிட்டால் பெரிய டிவியில் மாட்டியதும் சில கேம்கள் கூடுதல் தெளிவுத்திறனில் வரைய முயன்று தவழ ஆரம்பிக்கலாம்.

வயர்லெஸ் எதையும் நம்ப வேண்டாம். கேம்ஸ்காமில் 2025ஆம் ஆண்டு 3,57,000 பேர் வந்தார்கள். அத்தனை பேர் பையிலும் ப்ளூடூத்தும் வைஃபையும் அலறிக்கொண்டிருக்கும். ப்ளூடூத் கன்ட்ரோலரில் பட்டன் தாமதம் வரும், ஹெட்போனில் சத்தம் விட்டுவிட்டு வரும். வயர் உள்ள, காதை முழுதாக மூடும் ஹெட்போனை டெக்கின் 3.5 மிமீ துளையில் மாட்டுங்கள். பேசிக்கொண்டே காட்டும் சந்திப்புக்கு ஒரு ஒய் வடிவப் பிரிப்பானும் வேண்டும். ஹெட்போன் மெத்தைகளைத் துடைக்க ஈரத்துணிப் பாக்கெட் அவசியம். திரைக்கு மட்டும் மைக்ரோஃபைபர் துணி. திரவத்தைத் துணியில் தெளித்துத் துடைக்க வேண்டும், திரையில் நேராகத் தெளிக்கக் கூடாது.

நெட் இல்லாத அரங்கில் கேம் திறக்காமல் போவதுதான் மிக மோசமான தோல்வி. அதைத் தவிர்ப்பதும் மிகச் சுலபம். வால்வின் கேம் கடையான ஸ்டீமுக்கு உங்கள் கேமில் புது அப்டேட் இருப்பது தெரிந்துவிட்டால், அதை இறக்கும்வரை திறக்க விடாது. எனவே புறப்படும் முன் எல்லா அப்டேட்டையும் முடித்து, கேமை ஒருமுறை நெட்டோடு திறந்து மூடி, பிறகு செட்டிங்ஸில் இன்டர்நெட் பக்கத்துக்குப் போய் ஆஃப்லைன் மோடைப் போடுங்கள். விழா முடியும்வரை அதை எடுக்காதீர்கள். ப்ரோட்டான் (விண்டோஸ் கேமை டெக்கில் ஓடவைக்கும் மென்பொருள்) வழியாக ஓடும் கேம் என்றால், கம்பேட்டிபிலிட்டி பக்கத்தில் குறிப்பிட்ட ஒரு ப்ரோட்டான் பதிப்பைத் தேர்ந்து நிறுத்துங்கள். இரண்டு டெக் கொண்டுபோகிறீர்கள் என்றால் இரண்டுக்கும் தனித்தனி ஸ்டீம் கணக்கு. டெமோவுக்குத் தனி ஆப் ஐடி (ஸ்டீமில் அதற்கான அடையாள எண்) இருந்தால் இது எளிது. வெளிவராத முழு கேம் என்றால் ஸ்டீம்வொர்க்ஸில் (டெவலப்பர்களுக்கான ஸ்டீம் தளம்) ரிலீஸ் ஓவர்ரைட் கீ (வெளியீட்டுக்கு முன்பே கேமைத் திறக்கும் குறியீடு) எடுத்து இரண்டாம் கணக்கில் போட்டுக்கொள்ளலாம். பிறகு ஒவ்வொரு டெக்கிலும் டெமோவை முதலிலிருந்து கடைசிவரை ஆடி முடியுங்கள். ஷேடர்கள் (திரையில் படம் வரையும் சிறு நிரல்கள்) முதன்முறை தொகுக்கப்படும்போது வரும் விக்கல், பப்ளிஷர் கண்முன் வராமல் உங்கள் வீட்டிலேயே வந்து போகட்டும்.

அனுபவசாலிகளையும் வாரும் ஒரு விஷயம் வீடியோ. கடையில் வெளியான கேம்களுக்குள் இருக்கும் வீடியோக்களை டெக்கில் ஓடும்படி வால்வ் மாற்றிக் கொடுக்கிறது. வெளிவராத பில்டுக்கு அந்த வசதி கிடையாது. எம்பி4 வீடியோவை விண்டோஸின் மீடியா ஃபவுண்டேஷன் வழியாக ஓட்டும் பில்டில், அறிமுகக் காட்சி வர வேண்டிய இடத்தில் வண்ணப் பட்டைகள் வரும். யூனிட்டி எஞ்சினில் கேம் செய்பவர்கள் வீடியோவை வெப்எம் வடிவில், விபி8 கோடெக்கில் மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

கடைசி நேரத் திருத்தங்களுக்கு வால்வின் ஸ்டீம்ஓஎஸ் டெவ்கிட் கிளையன்ட் மிக நல்ல கருவி. டெக்கில் டெவலப்பர் மோடைப் போட்டு ஒருமுறை இணைத்துவிட்டால், லேப்டாப்பிலிருந்து பில்டை நேராக டெக்குக்குள் தள்ளலாம். ஆனால் இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். அரங்குகள், விடுதிகளின் வைஃபை ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்கவிடாமல் தடுப்பது சகஜம். உள்ளங்கை அளவு டிராவல் ரவுட்டர் ஒன்று பையில் கிடக்கட்டும்.

இனி கருவியின் பட்டன்கள். இடப்பக்கக் கீழே ‘ஸ்டீம்’ பட்டன், வலப்பக்கக் கீழே மூன்று புள்ளி. இரண்டில் எதைத் தொட்டாலும் கேமின் மேல் மெனு வந்துவிடும். சிறுவர்கள் அங்கிருந்து உங்கள் ஸ்டோர் கணக்குக்கே போய்விடுவார்கள். ஒரே கேமில் பூட்டி வைக்கும் கியாஸ்க் மோட் டெக்கில் இல்லை. ஸ்டால் கருவியாக இதை எடுக்கத் தயங்க வைக்கும் முதல் காரணம் இதுவே, வால்வ் சரிசெய்தே ஆக வேண்டிய குறையும் இதுவே. இப்போதைக்கு இரண்டு பட்டன்மேலும் கெட்டியான பிளாஸ்டிக் துண்டை வைத்து டேப் ஒட்டுங்கள். கன்ட்ரோலர் லேஅவுட்டில் டிராக்பேட், கைரோ (அசைவை உணரும் வசதி) இரண்டையும் அணைத்துவிடுங்கள். உள்ளங்கை பட்டு மவுஸ் அம்பு வந்து நிற்பது அத்தோடு தீரும். ஜாய்ஸ்டிக் பல கைகள் பட்டு லேசாக நகர ஆரம்பித்தால் கேலிப்ரேஷன் பக்கத்தில் டெட்சோனைக் (சின்ன அசைவைக் கண்டுகொள்ளாத நடுப்பகுதி) கூட்டலாம். பூட்டுவயர் மாட்டும் துளையும் இல்லை என்பதால் ஆள் இல்லாமல் மேசையை விட்டு நகரக் கூடாது, இரவில் ஸ்டாலில் வைத்துவிட்டும் போகக் கூடாது.

பில்டில் செய்ய வேண்டியவற்றில் எழுத்தின் அளவு முதன்மையானது. கேம் டெக்கில் ஒழுங்காக ஓடுமா என்று வால்வ் பார்க்கும் டெக் வெரிஃபைட் சோதனையில் 1280×800இல் எந்த எழுத்தும் 9 பிக்சல் உயரத்துக்குக் கீழே போகக் கூடாது. 12 இருப்பது நல்லது என்பது வால்வின் பரிந்துரை. விழாவில் நின்றுகொண்டே ஆடுபவருக்கு 12கூடக் குறைவுதான். 90 வினாடி யாரும் தொடாவிட்டால் தானாக முதல் திரைக்குத் திரும்ப வேண்டும். எல்1, ஆர்1, இரண்டு மெனு பட்டன்களையும் சேர்த்து மூன்று வினாடி பிடித்தால் முழு ரீசெட் ஆக வேண்டும். பெயர் எழுதச் சொல்லும் திரையைத் தூக்கிவிடுங்கள். திரைக் கீபோர்டு வந்ததும் பாதிப் பேர் டெக்கைக் கீழே வைத்துவிடுவார்கள். டெமோ 10 முதல் 12 நிமிடத்தில் முடிந்து, கடைசித் திரையில் ஸ்டீம் விஷ்லிஸ்டுக்கான (வாங்க விரும்பும் கேம்களின் பட்டியல்) க்யூஆர் குறியீடு வர வேண்டும். அந்த இணைப்பில் யுடிஎம் குறிச்சொல் (வருபவர் எங்கிருந்து வந்தார் என்று காட்டும் ஒட்டு) சேர்த்தால், எந்த நாள், எந்தச் சந்திப்பிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்பது ஸ்டீம்வொர்க்ஸிலேயே தெரியும்.

பப்ளிஷர் சந்திப்பு பெரும்பாலும் அரை மணி நேரம். டெக்கைத் தூக்கத்தில் (ஸ்லீப் மோடில்) வைத்து எடுத்துப்போய், உட்கார்ந்ததும் பவர் பட்டனைத் தட்டினால் விட்ட இடத்திலேயே கேம் நிற்கும். லேப்டாப்பைத் திறந்து, கன்ட்ரோலரை இணைத்து, அப்டேட் அறிவிப்பை மூடும் ஐந்து நிமிடம் மிச்சம். முதல் நிலை, நடு நிலை, கடைசி நிலை என்று மூன்று சேவ் ஃபைல் தனியாக வைத்திருங்கள். ‘சண்டை எப்படி இருக்கும்’ என்று கேட்டால் நேராக அங்கே போகலாம். தூக்கத்திலிருந்து எழும்போது சில கேம்களில் ஒலி வராமல் போவதுண்டு, அதனால் உள்ளே நுழையும் முன் வாசலில் ஒருமுறை எழுப்பிப் பாருங்கள். ஃபோனில் கேமின் ஒன்றரை நிமிட வீடியோவும் இருக்கட்டும்.

ஆசுஸின் ஆர்ஓஜி அல்லை எக்ஸில் 80 வாட்-மணி பேட்டரியும் 1080பி திரையும் உண்டு. ப்ரோட்டான் ஒத்துவராத கேம்களுக்கு அதுதான் வழி. விண்டோஸ் 11இன் அறிவிப்புகளையும் அப்டேட்டுகளையும் அடக்குவது தனி வேலை. கனமான 3டி கேம் 15 வாட்டுக்குள் 30 ஃப்ரேமைக்கூடத் தொடவில்லை என்றால் டெக்கில் காட்டவே வேண்டாம், லேப்டாப்பையே சுமந்துவிடுங்கள்.

இந்தியாவில் வால்வ் இதை நேரடியாக விற்பதில்லை. இங்கே கிடைப்பவை இறக்குமதியாளர்கள் மூலம் வருபவை. அமெரிக்காவில் அறிமுகமானபோது 1 டிபி மாடல் 649 டாலர், இங்கே அதைவிடக் கணிசமாகக் கூடுதலாகக் கேட்பார்கள், வால்வின் வாரன்டியும் பயன்படாது. பழையது வாங்கினால் யுஎஸ்பி-சி துளையில் வயரை ஆட்டிப் பாருங்கள், கேலிப்ரேஷன் பக்கத்தில் ஜாய்ஸ்டிக் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள், டெஸ்க்டாப் மோடில் பேட்டரி ஆரோக்கியத்தைப் பாருங்கள். ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். புறப்படும்போது விமான நிலையச் சுங்கத்தில் அதைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிவிட்டால், திரும்பி வரும்போது இரண்டு டெக்கையும் புதிதாக வாங்கி வந்ததாக யாரும் கேட்க மாட்டார்கள்.